ஒரே முன்பதிவு, இரண்டு வாசல்

ஜூன் 4

முறையில் மூத்த அக்காவுக்கு,

போனில் பேசினால் மறுபடி மல்லுக்கு நிற்போம். எழுதினால் நீங்கள் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் இந்த மெயில்.

இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்குக் கண் ஆபரேஷன் செய்த இடம் ஆறிவிட்டது, சொட்டு மருந்து மட்டும் தொடர்கிறது. உங்கள் கொழுந்தனார் மருந்து விடுகிறேன் பேர்வழி என்று அத்தையின் கன்னத்துக்கெல்லாம் வைத்தியம் பார்த்தார். அந்த வேலையும் இப்போது என்னிடம் வந்துவிட்டது.

போன மாதம் நீங்கள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கென்று தனியாகப் பிசியோதெரபி பிரிவு திறந்தார்கள். பெரியவர்கள் பிரிவுக்காக நீங்கள் எழுதிவைத்துவிட்டு அத்தானோடு வேறு ஊருக்குப் போனீர்களே, அந்த முன்பதிவு அப்ளிகேஷனை நான் அப்படியே நகலெடுத்து, பெயரை மாற்றி, பக்கத்தில் வைத்தேன். அங்கிருந்தே இதை அவ்வப்போது எட்டிப் பார்க்கும் உங்கள் கண்ணில் அது பட்டுவிட்டது. “அதென்ன ஜெராக்ஸ் கடையா? ஒரே அப்ளிகேஷனை ரெண்டு எடத்துல வைக்கலாம், அப்படித்தானே எழுதியிருக்கேன்” என்றீர்கள். “விட்டுட்டுப் போனவங்க இங்க நடக்கறதைப் பத்திப் பேசக்கூடாது” என்றேன் நான். அத்தைக்கு ஆபரேஷன் ஆன வாரம் அது. நாம் கோட் எழுதுவது பற்றி மட்டும் பேசவில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

ஆனாலும் நகலை அழித்துவிட்டேன். அழிப்பதற்கு முன் உங்களுடையதை வரி வரியாக ஒரு முறை படித்தேன். சும்மா சொல்லக்கூடாது அக்கா, துணியைத் துவைத்து மடித்து அடுக்கிய அலமாரி மாதிரி இருக்கிறது. எதைத் தேடினாலும் அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. இதைப் போய்க் கசக்கி வைத்தேனே என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் சொன்னபடி ஒன்றையே எடுத்து இரண்டு இடத்தில் வைத்தேன்.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. இரண்டு பிரிவிலும் தினமும் டோக்கன் ஒன்றிலிருந்து தொடங்கும். நேற்று குழந்தைகள் பிரிவில் ஏழாம் எண் வாங்கியிருந்த ஒரு பையனுக்குக் காய்ச்சல். அவன் அம்மா, எஸ்எம்எஸ்ஸில் வந்த ரத்து லிங்க்கை அழுத்தினார். அது அவரைப் பெரியவர்கள் பிரிவின் பக்கத்தில் கொண்டுபோய் விட்டது. அந்தப் பக்கத்தில் நோயாளியின் பெயர் வராது, எண் மட்டும்தான் வரும். ஏழாம் எண்ணை ரத்து செய்யலாமா என்று கேட்டது, ஆமாம் என்றார். பெரியவர்கள் பிரிவில் ஏழாம் எண் யார் தெரியுமா? முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்ட ரிட்டயர்டு ரயில் டிரைவர். அவர் ஊன்றுகோலோடு வந்து நின்றபோது அவருடைய நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். “காலம் பூரா வண்டியைச் சொன்ன நேரத்துல கொண்டுபோய் நிறுத்தினவன் நான். எனக்கே நேரம் இல்லேங்கறீங்களா?” என்று வரவேற்பு மேசையை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்.

பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் கெடு வைத்துவிட்டார். மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் இதைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியிலிருந்து ஒன்று வாங்குவார்களாம். வாங்கினால் அதைப் பார்த்துக்கொள்ள அந்தக் கம்பெனி ஆளே வருவாராம். அதாவது என் நாற்காலி காலி. எனக்கு முன்னால் அது உங்கள் நாற்காலியாக இருந்தது என்பதால் கேட்கிறேன், தப்பு எங்கே இருக்கிறது?

சின்ன மருமகள்


ஜூன் 6

வயதில் மூத்த அக்காவுக்கு,

அத்தை தேறிவிட்டார் என்பதைப் படித்ததும்தான் மூச்சு வந்தது. மீதியைப் படித்ததும் மறுபடி நின்றுவிட்டது.

என் அப்ளிகேஷன் ஆறு வருஷமாக ஒரு புகார் இல்லாமல் ஓடியது. நான் இருந்தவரை எந்த ரயில் டிரைவரும் கத்தியதில்லை. எனவே நீங்கள் வைத்த விதத்தில்தான் ஏதோ இருக்க வேண்டும் என்று பார்த்தேன். கண்டுபிடித்தும் விட்டேன்.

அந்தக் கோட்டில் எங்கேயும் முகவரியை நாம் கையால் எழுதுவதில்லை. ரத்துப் பக்கத்தின் முகவரி கொடு என்று அப்ளிகேஷனுக்கு அடித்தளமான ஃபிரேம்வொர்க்கிடம் கேட்கிறோம், அது தேடித் தருகிறது. ஒரே அப்ளிகேஷனை இரண்டு இடத்தில் வைத்தால் அதற்கு இரண்டு விதமான பெயர் வேண்டும். எல்லா இடத்துக்கும் பொதுவாக ஒரு குடும்பப் பெயர், ஒவ்வோர் இடத்துக்கும் சொந்தமாக ஒரு பெயர். குடும்பப் பெயர் ‘முன்பதிவு’. நான் வைத்த முதல் இடத்துக்குச் சொந்தப் பெயரும் அதேதான், ஏனென்றால் அப்போது இருந்தது அது ஒன்றுதான். நீங்கள் இரண்டாவதற்குக் ‘குழந்தைகள்’ என்று பெயர் வைத்திருக்கிறீர்கள், சரி. ஆனால் குடும்பப் பெயரையே தன் பெயராக வைத்திருக்கும் இடத்தை ஃபிரேம்வொர்க் தலைமையாக எடுத்துக்கொள்ளும். வெறுமனே முன்பதிவு என்று கேட்டால் நேரே அங்கே போய்விடும். முதல் இடத்தின் பெயரைப் ‘பெரியவர்கள்’ என்று மாற்றுங்கள். தலைமை என்று யாரும் இருக்க மாட்டார்கள், அவரவர் வேலையை அவரவர் பார்ப்பார்கள். தீர்ந்தது விஷயம்.

நகலை அழித்ததற்கு நன்றி. அலமாரி என்று எழுதியிருந்ததை அத்தானிடம் படித்துக் காட்டினேன். “வீட்டு அலமாரியை அவங்க பாத்ததில்லையா?” என்று கேட்டார். அவர் கிடக்கிறார்.

விட்டுவிட்டுப் போனவள் என்று சொன்னீர்களே, அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க மாட்டேன். வலித்தது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

பெரிய மருமகள்


ஜூன் 9

முறையில் மூத்த அக்காவுக்கு,

தீர்ந்தது விஷயம் என்று எழுதினீர்கள். உங்கள் வாக்கை நம்பி அப்படியே மாற்றினேன். தீரவில்லை, திரும்பிக்கொண்டது. இப்போது பெரியவர்கள் பிரிவுக்காரர்கள் எல்லோரும் குழந்தைகள் பிரிவில் போய் விழுகிறார்கள். நம்முடைய ரயில் டிரைவருக்கு எஸ்எம்எஸ் போனது. அழுத்தினால் யானைக்குட்டிப் படம் போட்ட பக்கம், மேலே ‘வாங்க செல்லக்குட்டி’ என்று எழுதியிருக்கிறது. அவர் போனை எடுத்துக்கொண்டு நேராக என் மேசைக்கே வந்துவிட்டார். “யாரும்மா செல்லக்குட்டி, நானா?” என்றார். அதிர்ஷ்டவசமாகச் சிரித்துக்கொண்டே கேட்டார். பெரிய டாக்டர் சிரிக்கவில்லை.

பழையபடி மாற்றி வைத்துவிட்டு, ஃபிரேம்வொர்க்கின் விளக்கப் பக்கத்தை எடுத்து நிதானமாகப் படித்தேன். நீங்கள் சொன்னது பாதிதான் அக்கா. குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தலைமை வரும், அது உண்மை. தலைமை இல்லையென்றால்? அவரவர் வேலையை அவரவர் பார்ப்பதாவது. கடைசியாக வந்து சேர்ந்தவர் யாரோ, அவர் தலையில் எல்லாவற்றையும் கட்டும். அப்படித்தான் எழுதியிருக்கிறது.

படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. இது நம் வீட்டுக் கதைதானே. நீங்கள் இருந்தவரை அத்தை உள்ளேயிருந்து ‘மருமகளே’ என்று குரல் கொடுத்தால் நீங்கள்தான் எழுந்து போவீர்கள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் சரி, கையில் வேலை இல்லாமல் இருந்தாலும் சரி. மருமகள் என்றால் நீங்கள். நீங்கள் போனீர்கள். கடைசியாக வந்தவள் நான், எல்லாம் என் தலையில்.

வேலை செய்வதற்கு நான் சுணங்கியதில்லை, அது உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒன்று சொல்கிறேன். இன்றைக்கும் அத்தை ‘மருமகளே’ என்று கூப்பிட்டால் நான் முதலில் உங்கள் அறைக் கதவைத்தான் பார்க்கிறேன். அவர் கூப்பிடுவது உங்களை, போய் நிற்பது நான் என்று தோன்றுகிறது. ஆபீஸிலும் அப்படித்தான். ‘பழைய மேடம் இப்படிச் செய்ய மாட்டாங்களே’ என்று கேட்காத ஆள் இல்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடமும் சொல்ல நினைக்கவில்லை, கை பாட்டுக்கு எழுதிவிட்டது. அழிக்கவும் மனம் வரவில்லை.

சின்ன மருமகள்


ஜூன் 10

வயதில் மூத்த அக்காவுக்கு,

உங்கள் மெயிலை ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடிவிட்டேன்.

முதலில் கோட். தலைமை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நான் சோதித்துப் பார்த்ததே இல்லை. ஆறு வருஷமும் அது ஒண்டிக்கட்டையாகவே வாழ்ந்தது, எப்படிக் கூப்பிட்டாலும் அதுதான் வந்தது. சரியாக இருந்ததால் வேலை செய்கிறது என்று நினைத்தேன். தனியாக இருந்ததால் வேலை செய்திருக்கிறது. அந்த விளக்கப் பக்கத்தை எத்தனையோ முறை புரட்டியிருக்கிறேன், அதற்குள் நம் வீடு இருப்பது எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு ஒரே பார்வையில் தெரிந்திருக்கிறது. இந்தக் கண் எனக்கு இல்லை.

இரண்டாவது, வீடு. நீங்கள் கல்யாணமாகி வந்த புதிதில் அத்தை குரல் கொடுத்தால் நீங்கள் பாதி எழுந்துவிடுவீர்கள். புதுசாக வந்தவரை அதற்குள் வேலை வாங்குவதா என்று நான் முந்திக்கொண்டு ஓடுவேன். அப்புறம் அதுவே பழகிவிட்டது. ஓடினேனே தவிர, உங்கள் வழியை மறித்துக்கொண்டு ஓடுகிறேன் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அத்தை யாரைக் கூப்பிட்டார் என்று அவருக்கே தெரியுமோ என்னவோ.

மூன்றாவது, உங்கள் நாற்காலி. நான் நிறைய யோசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நகலெடுத்துவிடுங்கள். அழித்த நகலைத் திரும்ப எடுப்பது சுலபம். இரண்டும் தனித்தனியாக ஓடும், எந்தக் குழப்பமும் வராது, மாதக் கடைசிக்குள் டாக்டர் வாயையும் அடைக்கலாம். ஜெராக்ஸ் கடை என்று நான் சொன்னதை மறந்துவிடுங்கள். என் கோட் அழகாக இருப்பதற்காக உங்கள் வேலை போக வேண்டுமா? அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

பெரிய மருமகள்


ஜூன் 14

முறையில் மூத்த அக்காவுக்கு,

நகலெடுக்கச் சொல்லி நீங்களே எழுதியதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. உங்களுக்கு அதை எழுத எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். நீங்கள் உண்மையாகவே சொல்கிறீர்கள் என்பதும் தெரிந்தது. அதனாலேயே எடுக்கவில்லை.

ஒரு காரணம் ரோஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு காரணம் உண்டு. இரண்டு நகல் இருந்தால் ஒன்றில் செய்யும் திருத்தத்தை மற்றதிலும் செய்ய வேண்டும். நாளைக்கு மூன்றாவது பிரிவு வந்தால் மூன்று. கொஞ்ச நாளில் எது எதிலிருந்து பிரிந்தது என்று நமக்கே தலைகால் புரியாது.

நாம் இருவரும் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போய்விட்டோம் அக்கா. தலைமை, கடைசி ஆள் என்று போவதற்கு முன்னால் ஃபிரேம்வொர்க் வேறொன்றைப் பார்க்கிறது. கூப்பிடுகிறவர் இப்போது எந்த இடத்தில் நிற்கிறார் என்பதுதான் அது. அதைச் சொல்லிவிட்டால் அந்த இடத்துக்கே முகவரி தரும். சொல்லாவிட்டால்தான் ஊகிக்க ஆரம்பிக்கிறது. பக்கத்துக்குள் இருக்கும் லிங்க்குகள் சரியாகவே போயின, ஏனென்றால் பக்கம் தான் நிற்கும் இடத்தைத் தானே சொல்லிவிடுகிறது. பொத்தானை அழுத்திய பிறகு நடக்கும் வேலையில் நாம் அதைச் சொல்லவில்லை. அங்கே இடத்தையும் சேர்த்துச் சொல்லவைத்தேன்.

எஸ்எம்எஸ்தான் படுத்தி எடுத்தது. அது பின்னால் தனியாக ஓடுகிற வேலை. அங்கே பக்கமும் கிடையாது, எந்த இடத்திலும் யாரும் நிற்பதும் கிடையாது. என்ன செய்வது என்று விழித்துக்கொண்டிருந்தபோது உங்கள் புண்ணியத்தில் வழி கிடைத்தது. ஒவ்வொரு முன்பதிவிலும் அது எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று குறித்துவைக்க நீங்கள் ஆரம்பத்திலேயே இடம் விட்டிருக்கிறீர்கள். ஒரே ஒரு பிரிவு இருந்த காலத்தில் இது எதற்கு என்று யாராவது கேட்டிருப்பார்கள். எஸ்எம்எஸ் போகும்போது அதைப் பார்த்து முகவரி கேட்கவைத்தேன். எல்லா முகவரியும் ஒரே சின்ன ஃபங்ஷன் வழியாகப் போகும்படி நீங்கள் எழுதியிருந்ததால் நான் தொட்டது கொஞ்ச வரிகள்தான். வேறு ஒருவருடைய கோட்டாக இருந்தால் இந்நேரம் மூலை மூலையாகத் தேடிக்கொண்டிருப்பேன்.

என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தேன். இடம் சொல்லாமல் யாராவது முகவரி கேட்டால் இனிமேல் அது ஊகித்து எங்கேயோ கொண்டுபோய் விடாது. தெரியவில்லை என்று சத்தம் போட்டு நின்றுவிடும். தப்பான வாசலில் கொண்டுபோய் விடுவதற்கு இது எவ்வளவோ மேல்.

சோதிப்பதற்கு மேலும் இரண்டு இடத்தில் வைத்தேன், ‘சமையலறை’ என்றும் ‘மாடிப்படி’ என்றும் பெயர். எல்லாவற்றிலும் ஏழாம் எண் பதிவு செய்து, சமையலறையில் மட்டும் ரத்து செய்தேன். மற்ற ஏழுகள் எல்லாம் அசையாமல் நின்றன. வியாழக்கிழமை பெரிய டாக்டருக்குக் காட்ட வேண்டும்.

சின்ன மருமகள்


ஜூன் 16

வயதில் மூத்த அக்காவுக்கு,

உங்கள் திருத்தத்தைப் படித்தேன். உண்மையைச் சொன்னால், குற்றம் கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன். பிரிவு குறிக்காத பழைய முன்பதிவுகளை என்ன செய்வீர்கள், மாட்டிக்கொண்டீர்களா என்று ஒரு கேள்வி எழுதி வைத்துக்கொண்டு கீழே போனால், அதற்கும் அங்கே பதில் இருக்கிறது. மூக்கு உடைந்தது. இவ்வளவு சந்தோஷமாக எனக்கு மூக்கு உடைந்ததே இல்லை.

தெரியாவிட்டால் நின்றுவிடும் என்று சேர்த்தீர்களே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு அது தோன்றியிருக்காது. நான் எப்போதும் யாரும் கேட்காமலே முந்திக்கொண்டு ஓடுகிற ஆள். என் கோட்டும் என்னைப் போலவே இருந்திருக்கிறது.

இங்கே என் ஆபீஸிலும் ஒரு அப்ளிகேஷனைக் கிளைக்குக் கிளை நகலெடுத்து வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று முகம் தெரியாத நிலைமை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நீங்கள் செய்த முறையில் வைக்கப் போகிறேன். யாருடைய யோசனை என்று மேனேஜர் கேட்டார். எங்கள் வீட்டுச் சின்ன மருமகள் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, விளக்கவும் நான் போகவில்லை.

டாக்டர் எப்படியும் ஒத்துக்கொள்வார். ஒத்துக்கொள்ளாவிட்டால் எனக்கு எழுதுங்கள், வெளியிலிருந்து வாங்கினால் என்ன ஆகும் என்று நான் அவருக்கு ஒரு மெயில் போடுகிறேன். அவருக்கு என் மெயில் என்றால் கொஞ்சம் பயம் உண்டு.

ஒரே ஒரு வேண்டுகோள். அத்தை யாரைக் கூப்பிடுகிறார் என்று நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் ஊகித்தே இத்தனை காலத்தை ஓட்டிவிட்டோம். ஊகிக்கக்கூடாது என்று எழுதிவைத்தது நீங்கள்தான். அவரிடமே கேட்டுவிடுங்கள். பதில் எதுவானாலும் எனக்கு மறைக்காமல் எழுத வேண்டும்.

பெரிய மருமகள்


ஜூன் 20

முறையில் மூத்த அக்காவுக்கு,

நாற்காலி தப்பியது. பெரிய டாக்டர் தன் போனிலும் வரவேற்பு மேசைப் பெண்ணின் போனிலுமாக இரண்டு பிரிவிலும் ஒரே எண்ணில் பதிவு செய்தார். மாற்றி மாற்றி ரத்து செய்தார், சொல்லாமல் கொள்ளாமல் நடுவில் இன்னொன்று பதிவு செய்து பார்த்தார். ஒன்றும் இடம் மாறவில்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “பல் டாக்டர் ரொம்ப நாளா கேட்டுட்டிருக்காரு. அவருக்கும் ஒண்ணு வைக்க முடியுமா?” என்றார். அன்று மாலையே வைத்துவிட்டேன், பெயர் ‘பல்’. ரயில் டிரைவர் நேற்று தானே ஒரு தடவை பதிவு செய்து, ரத்து செய்து, மறுபடி பதிவு செய்தார். “இப்பதான் தண்டவாளம் சரியா இருக்கு” என்று எனக்குச் சான்றிதழும் கொடுத்தார்.

அத்தையிடமும் கேட்டேன். அதற்கு டாக்டர் முன்னால் நின்றதைவிட அதிகத் துணிச்சல் வேண்டியிருந்தது.

இன்று காலை ‘மருமகளே’ என்று குரல் வந்தது. நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல் கண் உங்கள் அறைப் பக்கம் போனது. அப்புறம் மருந்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய், கட்டிலில் உட்கார்ந்து, கேட்டேவிட்டேன்.

“அத்தை, மருமகளேன்னு கூப்பிடறீங்களே, யாரை நெனச்சுக் கூப்பிடறீங்க?”

“இதென்னடி கேள்வி? வீட்டுல யாரு இருக்கா?” என்றார்.

“இல்ல, அக்காவை நெனச்சுதான் வாய் பழகிப்போச்சோன்னு.”

அத்தை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஆபரேஷனுக்குப் பிறகு கண் நன்றாகத் தெரிகிறது, அதில் சந்தேகமே இல்லை.

“அவ ஊருக்குப் போன அன்னிலேருந்து உன்னைத்தான் கூப்பிடுறேன். நீதான் ஒவ்வொரு தடவையும் அந்த ரூமைப் பாத்துட்டு அப்புறம் வர்ற. இங்க படுத்திருந்தா கண்ணாடியில எல்லாம் தெரியுது. பாவம், அவளைத் தேடுது போலிருக்கு இவளுக்குன்னு நானும் ஒண்ணும் கேட்டுக்கல. இவ்வளவு தேடுதுன்னா ஒரு போன் பண்ணிப் பேசேன். அவளும் அங்க புருஷனை விட்டா பேச ஆளில்லாமத்தானே இருக்கா.”

தலையைச் சாய்க்கச் சொல்லி மருந்தை விட்டேன். ஒரு சொட்டு கன்னத்தில் விழுந்தது. “உன் புருஷனே தேவலை போலிருக்கே” என்றார்.

துணி மடிக்கத் திரும்பி வந்து உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன் அக்கா. உங்களைக் கூப்பிடுகிறார் என்று நினைத்துத்தான் அந்தக் கதவைப் பார்க்கிறேன் என்று உங்களுக்கு எழுதினேன், நானும் அப்படித்தான் நம்பினேன். அத்தை சொல்வதுதான் சரி. நீங்கள் எழுந்து வருவீர்கள் என்று பார்த்திருக்கிறேன்.

இன்று சாயங்காலம் போன் செய்கிறேன். சண்டை வந்தாலும் பரவாயில்லை, எடுங்கள்.

சின்ன மருமகள்